நீ திரும்ப வாங்காத பெண்

யாரும் பார்க்காத நேரத்தில், ஒரே ஒரு முறையாவது, அவளை மடியில் இருத்தி "மகளே" என்று நீ கூப்பிட்டிருக்கிறாயா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலிதான் இருந்தது. உன் அடுப்பில் என்ன தாளிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து என்ன முகத்தோடு திரும்பினார் என்று தெரியும். இது மட்டும் தெரியாது. இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ள நீயும் இல்லை.

இன்று காலை கோழிகளுக்குத் தவிடு பிசைந்தேன். மெர்லிமாவ் பாசாரில், கடைத்தெருவில், வாங்கி வந்த புதுத் தவிடு. வெந்நீர் ஊற்றியதும் லேசான இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை எழும்பியது. எத்தனையோ வருடங்களாகப் பிசைகிற தவிடுதான். அந்த வாசனை என்னை ஒன்றும் செய்ததில்லை. இன்று கை நின்றுவிட்டது. கோழிகள் காலைக் கொத்துகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாமலேயே உனக்காக ஒரு காரியம் செய்தவள்தானே நான். இதையும் அப்படியே வைத்துக்கொள்.

என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் காயம் கட்டுகிற டிரெஸர். உன் கணவர் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. கூலி ஆட்கள் குடியிருக்கிற லயங்களைத் தாண்டி மேட்டின்மேல் அடுத்தடுத்து இரண்டு பலகை வீடுகள், அவற்றில் நாம் இருவரும். சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய நான், கடல் தாண்டி வந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு பையன்களுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தேன். என் படிப்பைப் பற்றி இங்கே யாரும் விசாரித்ததில்லை. நீ ஒருத்திதான் கேட்டாய்.

"அதெப் படிச்சா என்ன வேலைக்கா குடுப்பாங்க?"

"புள்ள வளக்குற வேலைதான்" என்றேன்.

"அதெப் படிக்காமயே குடுக்கறாங்களே" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய்.

அந்த வேலை உனக்குக் கிடைத்தும் கையில் நிற்கவில்லை. முதல் குழந்தை கண் திறக்கவில்லை. இரண்டாவது, மழைக்காலம் வந்ததும் காய்ச்சலில் போனது. மூன்றாவது உட்காரப் பழகியிருந்தது. என் சின்னவனின் மரக் கிலுகிலுப்பையை வாங்கி வாயில் வைத்துக்கொள்ளும். அதுவும் போனது. மூன்றையும் உன் வீட்டுக்குப் பின்னால் தெரிகிற முதல் வரிசை மரங்களுக்கு அடியில்தான் புதைத்தார்கள். துணி உலர்த்தும்போது நீ அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய். நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது பெண். தீட்டுக் கழிந்த மறுநாள் காலை என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாய். கையில் குழந்தை இல்லை.

"அக்கா, இதெ நீங்க வாங்கிக்கணும்."

என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைப் பிள்ளை நிறைந்த வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தனக்கென்று ஒன்றும் இல்லை, வளர்ப்பது ஊரான் பிள்ளை என்று ஆகிவிட்டால், எடுத்துப் போக வருவது ஏமாந்து திரும்பிவிடும் என்பது எண்ணம். எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் இதைக் கேலி செய்தும் பேசியிருக்கிறேன்.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா" என்றேன்.

"நீங்க நம்ப வேண்டாம்க்கா. வாங்கினாப் போதும்."

மத்தியானம் இவரிடம் சொன்னேன். "இந்தத் தோட்டத்துக் கொசுவுக்கு யார் புள்ள யாருதுன்னு தெரியாது. வலையையும் கொய்னா மருந்தையும் விட்டுடாதீங்க. அதுக்கப்புறம் தவிடோ உமியோ, உங்க இஷ்டம்" என்றார்.

உன் வீட்டுப் பின்புறம், குப்பை கொட்டுகிற இடத்தில் முறத்தைப் போட்டு, அதில் பழைய சேலைத் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தியிருந்தாய். நான் வழியில் போகிறவள் போல வர வேண்டும். வந்தேன். மடியில் தவிடு. இரண்டு பையன்களும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

"யார் புள்ள இது?" என்று கேட்டேன். நாடகத்தில் நடிக்கத் தெரியாதவள் பேசுவதைப் போல என் குரல் எனக்கே கேட்டது.

"யாரு பெத்துப் போட்டதோ. குப்பையில கெடந்துச்சு."

"எனக்குத் தருவியா?"

"ஒரு மொறம் தவுடு குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

நீ நடிக்கவில்லை. குப்பையில் கிடக்கிற எதையோ பார்ப்பது போலத்தான் அந்தக் குழந்தையைப் பார்த்தாய். பால் கட்டி உன் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. நான் தவிட்டைக் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கினேன். வாசலைச் சுற்றி வந்து, "இந்தாம்மா, என் புள்ளைய வளத்துக் குடு" என்று உன் கையில் கொடுத்தேன். ஒரு காலை நேரத்து விளையாட்டு முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

உனக்கு அது அன்றுதான் தொடங்கியது.

தவுட்டம்மா என்று பெயர் வைத்தாய். தோட்டத்தில் எல்லோருக்கும் தவுடு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நான் தவமணி என்று கொடுத்தேன். அந்தப் பெயர் இன்றைக்கும் அவளுக்குப் பாதிதான் ஒட்டியிருக்கிறது. பேச்சு வந்ததும் என்னை அம்மா என்றும் உன்னை அத்தை என்றும் கூப்பிடப் பழக்கினாய். சின்னம்மா என்று சொல்லட்டுமே என்று கேட்டேன். "அதுலயும் அம்மா இருக்குல்லக்கா" என்றாய். நீ பெற்றதற்கு நீ பால் கொடுக்கும்போதுகூட வேலியோரம் வந்து, "அக்கா, உங்க பொண்ணு பசியில அழுவுது, குடுக்கட்டுமா?" என்று கேட்பாய். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு கூச்சமாக இருந்தது. அதற்கும் பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் இதில் மோசமான பகுதி என்று இப்போது நினைக்கிறேன்.

அவளுக்கு மூன்று வயதாகும்போது உனக்குப் பையன் பிறந்தான். அவனை நீ விற்கவில்லை. நான் காத்திருந்தேன், இரண்டாவது முறம் தவிட்டுக்கும் என்னிடம்தான் வருவாய் என்று. நீ வரவில்லை. பதினாறு கழிந்து அவனை ஊரறிய மடியில் போட்டுக்கொண்டு, "எம் பையன்" என்றாய். அந்த வாரம்தான் அவள் ஒரு சிறிய தலையணையைக் கட்டிக்கொண்டு என் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அத்தே வீட்ல எடம் இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து கொசுவலைக்குள் மூன்று பிள்ளைகள். உனக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்கிறேன், யார் செய்தது என்பதற்காக. காலையில் மழைநீர்த் தொட்டியடியில் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டியது நான். கொய்னாவைச் சர்க்கரையில் குழைத்து விரலால் நாக்கில் தடவியது நான். அவள் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் திரும்பியதும் துப்புவாள். அதைக் கண்டுபிடித்துத் திரும்பவும் தடவியது நான். பேன் பார்த்தது, பாவாடையை வருடம் ஒரு மடிப்பு இறக்கித் தைத்தது, மலாய்க்காரர்களின் கம்போங் பக்கம் ரம்புத்தான் பழம் பொறுக்கப் போய் அட்டைக் கடியோடு வந்தால் உப்பை வைத்து அட்டையை எடுத்தது. பட்டம் வாங்கியவள் ஒரு புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கம் தாண்டாது. அதற்குள் யாராவது விழுந்திருப்பார்கள். நடுவில் நீ வேலியோரம் நின்று, இடுப்பில் பையனை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஓயவே ஓயாதுக்கா" என்று அனுதாபப்படுவாய். எனக்கு எரியும்.

ஒருநாள் பெரியவன் சின்னவனைச் சீண்டிக்கொண்டிருந்தான். எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

"ஒன்னெ அம்மா பெக்கல. தவுட்டுக்கு வாங்கினாங்க."

சின்னவன் அழுதுகொண்டு என்னிடம் ஓடி வந்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டேய், என்னெத்தான் நெசமா வாங்கினாங்க. ஒன்னெச் சும்மா பெத்தாங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீயும் துணி பிழிந்துகொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. பிழிந்த துணியையே இன்னொரு தடவை பிழிந்தாய்.

அந்த ஐந்தாம் வயதில்தான் நீ அவளைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். அதுவும் வழக்கத்திலேயே உள்ளதுதான். மொட்டை போட்டுக் காது குத்துகிற அன்று, பெற்றவள் இரண்டு மடங்கு தவிடு கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு அது அவளுடையது, பயம் விட்டது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. பையனுக்குக் கக்குவான் இருமல், அடுத்த வருசம் பார்க்கலாம் என்றாய். அடுத்த வருடம் உன் வீட்டுக்காரரின் தகப்பனார் ஊரில் இறந்துபோனார். அதற்கடுத்த வருடம் நானே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. "வயசு ஒத்து வரலக்கா" என்றாய். காது குத்துவதை மட்டும் தள்ள முடியாது என்று நானே ஏற்பாடு செய்தேன். யார் மடியில் உட்கார வைப்பது, தாய்மாமன் யார் என்று கோயிலில் கேட்டார்கள். எந்தத் தாய்க்கு மாமன் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மடியைக் கொடுத்தார். நீ கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாய். வெல்லமும் அரிசியும் வாங்கித் தின்றாய்.

அதே வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் காய்ச்சல். தோட்டத்தில் அந்த முறை நிறையப் பிள்ளைகளுக்கு வந்தது. லயத்தில் இரண்டு போய்விட்டது. இவர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடினார். நான் ஈரத் துணியோடு பக்கத்திலேயே இருந்தேன். பகல் முழுவதும் நீ வேலியோரம் நின்றாய். உள்ளே வா என்று கூப்பிட்டேன். வரவில்லை.

"அக்கா, உங்க பொண்ணுக்கு எப்படி இருக்கு?"

பொறுமை போய்விட்டது எனக்கு. வாசலுக்கு வந்து சொன்னேன்: "உன் பொண்ணு அனத்திக்கிட்டுக் கெடக்கா. வந்து பக்கத்துல உக்காரு."

நீ இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாய். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல. அவளுக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கிய பிறகு, வெளியே வந்து பார்த்தேன். நீ நின்ற இடத்தில் செம்பருத்திச் செடிகள் மொட்டையாக நின்றன. கைக்கெட்டிய இலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் உருவி, கிள்ளி, காலடியில் கிடந்தது.

அந்த இலைகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று இத்தனை காலமும் எனக்குத் தெரியவில்லை. அது அன்பு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அவள் தலைமாட்டில் உட்கார அந்த அன்பால் முடியவில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. லயங்கள் காலியாகத் தொடங்கின. லாரி லாரியாக ஆட்களை ஊருக்கு அனுப்பினார்கள். கிராணி வேலைகளிலும் கை வைத்தார்கள். உங்கள் முறை வந்தது. தம்பினில் ரயில், பினாங்கில் கப்பல் என்று முடிவாகியது. நீ வந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே செய்ய வேண்டியது என்று நினைத்து, ஒரு தகரப் பெட்டியில் அவளுடைய துணிகளை மடித்து வைத்தேன். இரண்டு புதுப் பாவாடை தைத்தேன். எனக்கு அது சுலபமாக இருந்தது என்று நினைக்காதே. ஆனால் பெற்றவள் கடல் தாண்டிப் போகும்போது பிள்ளையை விட்டுப் போவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அளவுக்குத்தான் உன்னை எனக்குத் தெரிந்திருந்தது.

லாரி வந்து நின்ற காலையில், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்வாசலுக்கு வந்தாய். அவள் படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பெட்டி?"

"அவளோட துணிமணி. கப்பல்ல காத்தடிக்கும், கம்பளிச் சட்டையும் வச்சிருக்கேன்."

"அவ எதுக்குக் கப்பலுக்கு?"

"வெளையாடாதே. வெளையாடினது போதும். உன் பொண்ணெக் கூட்டிக்கிட்டுப் போ."

இந்த முறை நீ காதைப் பொத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாய்.

"வெளையாட்டாக்கா? எம் புள்ளன்னு நான் சொன்ன மூணும் அந்தா அந்த மரத்தடியில கெடக்கு. இவள அப்பிடிச் சொல்லல. இருக்கா."

"பையன மட்டும் சொல்றியே?"

"இவ உங்க வீட்ல இருக்கறதாலதான் இவன் எங்கிட்ட இருக்கான். ரெண்டும் எனக்குன்னு கேட்டா ரெண்டும் போயிரும். எனக்குத் தெரியும்."

அதோடு நீ நிறுத்தியிருந்தால் ஒருவேளை நான் உன்னை மன்னித்திருப்பேன். மூன்று குழந்தைகளை மண்ணில் வைத்தவளின் பயத்தோடு வாதாட எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தருவதில்லை. ஆனால் நீ நிறுத்தவில்லை. பையனின் தலையைத் தடவிக்கொண்டே, கலகலப்பான குரலில் சொன்னாய்:

"உங்களுக்குத்தான் பொண்ணு இல்லையேக்கா. வச்சுக்கங்க."

பாத்திரம் ஒன்றை விட்டுப் போகிறவள் சொல்வது போல. அந்த நிமிடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பயந்துதான் விட்டுப் போகிறாயா, அல்லது பயம் உனக்குச் சௌகரியமாக அமைந்துவிட்டதா? வேலை போன வீடு, தெரியாத வருங்காலம், சில வருடங்களில் கட்டிக் கொடுக்க வேண்டிய பெண். உன் வாயால் நீ அதைச் சொல்லவில்லை. சொல்லாததை உன் மேல் சுமத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுமத்தினேன். இன்றும் இறக்கி வைக்க முடியவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசி பொறுக்கினாள். லாரி புறப்பட்டபோது எழுந்து வாசலுக்கு வந்து, "போயிட்டு வாங்க அத்தே, போயிட்டு வாங்க மாமா" என்று கையாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போனால் எப்படி ஆட்டுவார்களோ அப்படி. நீ பையனின் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாய். திருப்பம் வரை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நீ தலையைத் திருப்பவில்லை. அவள் உள்ளே போய், தகரப் பெட்டியைத் தானே இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதைப் பற்றி என்னிடம் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் நாங்கள் இருவரும் கெட்டிக்காரர்கள். அதை அவள் என்னிடமிருந்துதான் கற்றிருப்பாள்.

உன் வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தடவை இவருக்கு எழுதுவார். எல்லோரும் சுகம், பையன் நன்றாகப் படிக்கிறான். அவளைப் பற்றி ஒரு வரி இருக்காது. நீ சொல்லித்தான் எழுதவில்லையோ என்று எண்ணிக்கொள்வேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் எழுத வந்த பிறகு மறைப்பதில் பொருளில்லை. உன் ஏற்பாடு பலித்தது. அவள் இருக்கிறாள், அவன் இருக்கிறான். வலையும் கொய்னாவும், கொசு பெருகாமலிருக்க இவர் வாய்க்கால்களில் எண்ணெய் ஊற்ற வைத்ததும்தான் காரணம் என்று நான் சொல்லலாம். சொல்லியுமிருக்கிறேன். ஆனால் அதே வலையும் அதே கொய்னாவும் உன் மூன்றாவதைக் காப்பாற்றவில்லை. நீ தோற்றிருந்தால் உன்னைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பேன். ஜெயித்தவளைப் பார்த்து இரக்கப்பட எனக்குத் தெரியவில்லை.

இனிச் செய்தி வந்த விதத்தைச் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவர் வந்தார். உங்கள் ஊர்க்காரர், மெர்லிமாவ் மளிகைக் கடை ஒன்றில் வேலைக்குப் புதிதாகக் கப்பலில் வந்திருக்கிறார். டிரெஸரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா என்று உன் வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பையன்கள் இருவரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வீட்டில் நானும் அவளும்தான். அவள் இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிறாள். அப்போதுதான் வந்து கை கழுவிவிட்டு, வந்தவருக்குக் காப்பி கலந்துகொண்டு வந்தாள்.

"கிராணியார் சம்சாரம் காலமாயிட்டாங்கம்மா. நெஞ்சு வலின்னாங்க. ரெண்டே நாளு" என்றார் அவர்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அவங்களுக்கு..." என்று தொடங்கினேன். எதைக் கேட்க வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "பொண்ணு ஒண்ணு" என்றேன்.

"பொண்ணா? இல்லைங்களே. ஒரே பையன். அந்தம்மாவே எல்லார்கிட்டயும் சொல்லும், எனக்கு ஒத்தப் புள்ளன்னு. அவன்தான் கொள்ளி வச்சான்."

அவள் அவருக்கு எதிரே நின்றாள்.

"சக்கரை போதுங்களா?" என்று கேட்டாள்.

"போதும்மா, நல்லா இருக்கு."

"அந்தப் பையன் நல்லா இருக்கானா?"

"ராஜா மாதிரி இருக்காம்மா."

அவள் தலையசைத்தாள். கணக்குப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளையிடம் விடை சரி என்று சொல்லும் டீச்சர் போல, ஒரே ஒரு தடவை. உள்ளே போய்விட்டாள். வந்தவர் போன பிறகு நான் சமையலறைக்குப் போனேன். அவள் டம்ளரைத் துலக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வழக்கங்களில் நம்பிக்கை கிடையாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

"சாவுச் செய்தி கேட்டாப் பெத்த புள்ளைங்க தலையோட வெறுந்தண்ணி ஊத்திக்குவாங்க. எண்ணெயோ சீயக்காயோ எதுவும் இல்லாம. ஒனக்கு விருப்பம் இருந்தா செய். இல்லேன்னா வேண்டாம்."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"பக்கத்து வீட்டு அத்தைக்கெல்லாம் தீட்டு உண்டாம்மா?"

"இல்ல" என்றேன்.

"அப்பறம் என்ன" என்று சொல்லிவிட்டு விளக்கு ஏற்றப் போனாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது இவ்வளவுதான்: ஒரு பெண், ஒரு கோபம், ஒரு கேள்வி. பெண்ணை இன்னும் ஓரிரு வருடத்தில் யாராவது கூட்டிப் போவார்கள். அப்போது பெற்றவர்கள் யார் என்று கேட்பார்கள். எங்கள் பெயரைச் சொல்வோம். அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. கோபம் என்னோடு இருக்கும். அவள் "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம், பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம், அடுத்த வீட்டில் நீ கேட்டுக்கொண்டு நிற்பது போல எனக்கு இருக்கும். அங்கே இப்போது வேறு கிராணியின் குடும்பம் இருக்கிறது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு நிறுத்துகிறேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லா வெள்ளிக்கிழமையும் அவள் தலைக்குக் குளிப்பாள். எல்லா வெள்ளிக்கிழமையும் நான் எண்ணெயைக் காய்ச்சிச் சீயக்காயைக் கரைத்துக் குளிக்கிற இடத்தில் வைப்பேன். அன்றும் வைத்தேன். அவள் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இட்டிலி தின்றாள். இவரிடம் ஆஸ்பத்திரியில் யாருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போகும்போது, "வரேம்மா" என்றாள். கிண்ணங்களை எடுத்து வைக்கப் போனேன். எண்ணெய் ஆறிப் போயிருந்தது. சீயக்காய், கரைத்து வைத்தபடி, மேலே ஏடு கட்டியிருந்தது. இரண்டிலும் விரல் பட்ட அடையாளம் இல்லை.